மாவாட்டே என்றால் திரும்பு

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு 43 வயது. சேலம் அம்மாபேட்டையில் கைத்தறி, பட்டு வேட்டி நெய்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். என் மகள் ஒன்றரை வருடமாகக் கராத்தே கற்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவளுடைய மாஸ்டர், "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் வாங்களேன்" என்றார். நான்கு மாதமாகப் போகிறேன். உடம்பு வளைந்து கொடுக்கிறது, நாக்குதான் வளைய மாட்டேன் என்கிறது. ஐந்து வாரத்தில் பெல்ட் டெஸ்ட். அறுபது சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், வாய்மொழியாகக் கேட்பார்களாம். படித்தால் மனதில் நிற்கவில்லை. சொன்னால் மகள் சிரிக்கிறாள். வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் காலைத் தூக்குகிறேன். உதை என்றால் உதை, தடு என்றால் தடு. இதையெல்லாம் தமிழிலேயே சொன்னால் ஆகாதா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் காலைத் தூக்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். ஒப்புக்கொள்கிறவர்கள்தான் குறைவு.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு முகாம் அழைத்துப் போயிருந்தேன். விடிகாலையில் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினேன். ஏற்காட்டுப் பனி உங்களுக்குத் தெரியாததா? கீழே சேலத்திலிருந்து பார்த்தால் மலைமேல் பஞ்சை அப்பி வைத்ததுபோல் அழகாக இருக்கும், உள்ளே போய் நின்றால் நீட்டிய கையின் விரல் தெரியாது. முன்வரிசைக்கு நான் மங்கலாகத் தெரிந்தேன். பின்வரிசைக்கு என் குரல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. "மவத்தே" என்று கூவினேன். திரும்பு என்று அர்த்தம். பின்வரிசையில் இரண்டு வருடம் பயின்ற பையன் ஒருவன், வகுப்பிலேயே நன்றாக உதைப்பவன், அசையாமல் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற சின்னப் பெண், சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, டக்கென்று திரும்பினாள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கே உறைத்தது, அந்தப் பையன் இரண்டு வருடமும் என் சொல்லைக் கேட்கவே இல்லை, எதிரில் நிற்பவனின் முதுகைப் பார்த்துத்தான் பழகியிருக்கிறான் என்று.

அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் எப்படிம்மா ஞாபகம் இருந்தது?" என்று கேட்டேன். "நீங்க மாவாட்டேன்னு சொல்றீங்க மாஸ்டர். மாவாட்டுனா கிரைண்டர் சுத்தும்ல" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் மாவாட்டே.

பனி இல்லாத நாளிலும் இதே சிக்கல் வரும், கவனித்திருப்பீர்கள். புதிதாக வந்தவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். மவத்தே என்றதும் எல்லோரும் திரும்ப, கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். பார்த்துச் செய்ய முன்னால் ஒருவரும் இல்லை. சுவர்தான் இருக்கும். சொல் காதில் ஏறியிருந்தால்தான் அந்த இடத்தில் தப்பிக்கலாம்.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். அதை மடித்து வைத்துவிடுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் போதவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களைத்தான் அந்தத் தாள் அதிகம் ஏமாற்றுகிறது. முகத்துக்கு வரும் குத்தை மேலே தூக்கிவிடும் அசைவுக்கு அகே-உக்கே என்று பெயர். ஆங்கில எழுத்தில் அந்த ‘அகே’, வயதைக் குறிக்கும் ‘ஏஜ்’ போலவே இருக்கும். ‘உக்கே’யைப் பார்த்தால் ‘யூக்’ என்று வாசிக்கத் தோன்றும். நானே தொண்ணூறுகளில் கற்றபோது இரண்டு வருடம் ‘ஏஜ் யூக்’ என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வயதானவர்கள் செய்யும் தடுப்பு போலிருக்கிறது என்று ஒரு விளக்கம் வேறு எனக்குள் வைத்திருந்தேன். திருத்த ஆள் இல்லை, எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அதே மாதிரித் தாளைப் பார்த்துத்தான் படித்திருந்தார்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஜப்பானியத்தில் குறில் நெடில் வேறுபாடு உண்டு, அதை எழுத்திலேயே காட்டுவதற்குத் தமிழ்தான் வசதி. உயரத்தைக் குறிக்கும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தின் உயரம் ஜோதன், வயிறும் மார்பும் ச்சூதன், இடுப்புக்குக் கீழே கெதன். ஜோ, ச்சூ இரண்டும் நெடில். கெ குறில். ‘தன்’ மூன்றிலும் குறில், நம் ‘பந்து’வில் வருகிற மெல்லிய த. பிள்ளைகள் இதை ‘சூடான்’ ஆக்கிவிடுவார்கள். சூடான் ட்ஸுகி என்று கத்தும்போதெல்லாம் எனக்கு சாயங்காலத் தட்டுவடைக் கடைதான் ஞாபகம் வரும். (ஜோதனுக்கு இன்னொரு கதை உண்டு. ஜப்பானியத்தில் வேடிக்கைப் பேச்சுக்கும் ஜோதன் என்றுதான் சொல்வார்கள், எழுதும் எழுத்து வேறு. அதற்காக முகத்துக்கு வரும் குத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

தமிழ் எழுத்தில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். க என்று எழுதினால் காகத்தின் முதல் காவா, தங்கத்தின் நடுக் காவா என்று சொல்லின் முதலில் தெரியாது. அதற்கு நான் செய்வது, மெல்லிய ஒலி வருகிற முதலெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிடுவேன். சொல்லின் நடுவில் கவலையே வேண்டாம், நம் வாய் தானாகச் செய்துவிடும். வலது பக்கம் மிகி, இடது பக்கம் ஹிதரி. தமிழில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் கிட்டத்தட்டச் சரியான உச்சரிப்பு வந்துவிடுகிறது. நடுவில் வல்லொலி வேண்டுமென்றால் எழுத்தை இரட்டித்துக்கொள்ளுங்கள். ‘கராத்தே’ என்று நாம் இரட்டித்து எழுதுவதும் அதற்காகத்தான். ஒற்றைத் த போட்டால் மென்மையாகிப் போகும்.

அடுத்தது விழுங்கும் உயிர்கள். ட்ஸுகி என்றால் குத்து, ஆனால் பேச்சில் அந்த உகரம் காணாமல் போய் ‘ட்ஸ்கி’ என்றே கேட்கும். ஆறு என்பதற்கு ரொக்கு. அதன் கடைசி உகரத்தை நம் பாக்கு, நாக்கு மாதிரி பாதியில் விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று படித்தோமே, வல்லின மெய்மேல் ஏறிவரும் உகரம் தன் மாத்திரையில் குறையும் என்று, கிட்டத்தட்ட அதே பழக்கம் அங்கேயும் இருக்கிறது. அங்கே இகரமும் சேர்ந்து குறையும். அதனால்தான் மாஸ்டர் வேகமாக எண்ணும்போது இச்சி ‘இச்’ ஆகிறது, ஹச்சி ‘ஹச்’ ஆகிறது. உங்கள் காது கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள்.

இனி முக்கியமான இடம். அறுபது சொல் என்று பயப்படுகிறீர்கள். அந்த அறுபதையும் உடைத்துப் பார்த்தால் இருபது, இருபத்தைந்து துண்டுதான் தேறும், மற்றதெல்லாம் அவற்றைக் கோத்ததுதான். முன் என்பது மயெ, பக்கம் யோக்கோ, பின் உஷிரோ, சுழற்றல் மவாஷி. உதை கெரி. இந்த ஐந்து தெரிந்தால் மயெ-கெரி, யோக்கோ-கெரி, உஷிரோ-கெரி, மவாஷி-கெரி என்று நான்கு உதை கையில் வந்துவிட்டது. மவாஷியும் மாவாட்டேயும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை, சுற்றுவது. கிரைண்டர் இங்கேயும் உதவும். குத்தும் இப்படித்தான். முன்னேறிக் குத்தினால் ஒய்-ஸுகி, முன்காலுக்கு எதிர்க்கையால் குத்தினால் கியாக்கு-ஸுகி.

ட்ஸுகி ஏன் ஸுகி ஆனது என்று கேட்பீர்கள். தாளில் இதுதான் ஆளைக் குழப்பும். உதை என்ற சொல் தனியாக நிற்கும்போது வல்லொலியோடு கெரி, முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் மெல்லொலியோடு கெரி. நிற்கும் நிலை தனியாக இருந்தால் வல்லொலியில் தச்சி, கிபா-தச்சியில் சேர்ந்தால் அதே த மெலிந்துவிடும். நம் காயை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சொன்னால் ‘காய்’ எவ்வளவு கெட்டியாக வருகிறது? மாவோடு சேர்ந்து மாங்காய், தென்னையைக் குறிக்கும் தெங்கோடு சேர்ந்து தேங்காய் ஆனால் அதே கா எப்படி இளகிவிடுகிறது? சேலத்துக்காரருக்கு மாங்காயை வைத்துச் சொன்னால் மறக்காது. அதே புணர்ச்சிதான். இரண்டு சொல் சேர்ந்தால் நடு எழுத்து மாறும் என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். ஆங்கில வழியாக இதைக் கற்கிறவர்கள்தான் கெரிக்கு ஒரு சொல், மெலிந்த கெரிக்கு ஒரு சொல் என்று இரண்டிரண்டாக மனப்பாடம் செய்து திணறுகிறார்கள்.

ஒன்று மட்டும் கொஞ்சம் விநோதமாக இருக்கும். துடைத்துத் தள்ளுவது ஹராய். கெதனில் தள்ளினால் கெதன்-பராய். ஹ எப்படி ப ஆனது? பழைய ஜப்பானியத்தில் அந்த ஹ, ப-வாகத்தான் இருந்தது. தருமபுரிப் பக்கம் போயிருப்பீர்களே, மாரண்டஹள்ளி மாதிரி ஊர்ப்பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளி, கன்னடத்தில் ஹள்ளி. பால், ஹாலு. ப போய் ஹ வந்த அதே கதை ஜப்பானிலும் நடந்தது, சொல் தனியாக இருக்கும் இடத்தில் மட்டும். சேரும்போது பழைய உதடு எட்டிப் பார்க்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் யாராவது ஒருவர் உடனே எழுந்து, அப்படியானால் ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததா என்று கேட்பார். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று பல வருடம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் பழக்கவழக்கம் ஒத்துப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் கிடைத்தால் போதாதா?

வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் வணங்குகிறீர்களே, அங்கே சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். ஷோமென்-னி ரே. சென்செய்-னி ரே. ஒத்தகாய்-னி ரே. ரே என்றால் வணக்கம். நடுவில் வருகிற ‘னி’ நம்முடைய ‘கு’. முன்புறத்துக்கு வணக்கம், ஆசிரியருக்கு வணக்கம், ஒருவருக்கொருவர் வணக்கம். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. யாருக்கு என்பது முன்னால், அதற்கு ஒட்டு பின்னால், கடைசியில் வணக்கம். ஒத்தகாய் மட்டும் ஏதோ ஒற்றைக் காய் மாதிரி கேட்கும், பரவாயில்லை, அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான கட்டளையும் இப்படித்தான். மிகி ச்சூதன் கியாக்கு-ஸுகி என்றால் வலது, நடு, எதிர்க்குத்து. கேட்டுக்கொண்டே வாருங்கள், கடைசிச் சொல்தான் வேலை. குத்தா உதையா என்பது கடைசியில்தான் வரும், நம் வினைச்சொல் மாதிரி. அதனால் முதல் சொல்லிலேயே பாயாதீர்கள்.

எண்களுக்கு மலைப்பாதையே போதும். இச்சி, நி, ஸன், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹச்சி, கு, ஜூ. பத்துக்கு மேலே மனப்பாடமே வேண்டாம். ஜூ-இச்சி, பத்து ஒன்று, பதினொன்று. நி-ஜூ, இரண்டு பத்து, இருபது. ஸன்-ஜூ, முப்பது. ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. பேருந்தில் போகும்போது பிள்ளைகளை வளைவுக்கு வளைவு எண்ணச் சொல்வேன். ஏறும்போது இச்சியிலிருந்து நி-ஜூ, இறங்கும்போது தலைகீழாக. இறங்கும்போது எண்ணுகிறவர்கள் குறைவு, பலர் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள், அது வேறு காரணம். நான்குக்கு ஷி என்பதோடு யொன் என்றும் ஒரு சொல் உண்டு. ஷி என்பது சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்துப்போவதால் பல இடங்களில் யொன் என்பார்கள். மாஸ்டர் எது சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எண் தெரிந்தால் கூடவே சில இலவசமாக வரும். ஹெயான் என்று தொடங்கும் ஐந்து கத்தாக்களில் (கத்தா என்றால் வரிசை மாறாமல் செய்து காட்டும் அசைவுத் தொகுப்பு) நிதன், ஸன்தன், யொன்தன், கோதன் என்று இரண்டு முதல் ஐந்து வரை எண்தான். முதலாவது மட்டும் இச்சி இல்லை, ஷோதன். ஷோ என்றால் தொடக்கம். கருப்பு பெல்ட்டின் முதல் படிக்கும் அதே ஷோதன்தான் பெயர். இதைத் தெரிந்துகொண்ட அன்று, கருப்பு பெல்ட் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த எனக்கு முகம் சுருங்கிப் போனது.

தமிழில் சொன்னால் ஆகாதா என்று கேட்டீர்கள். ஆகும். தாராளமாக ஆகும். கராத்தேவின் சொற்கள் வேதவாக்கு இல்லை. அது ஒகினாவாத் தீவில் வளர்ந்தது. அங்கிருந்து வந்த ஆசான் கிச்சின் ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பானின் பெரிய ஊர்களில் பரவியது. அவரே பல கத்தாக்களின் ஒகினாவாப் பெயர்களை டோக்கியோக்காரர்களுக்குப் புரிகிறமாதிரி மாற்றினார், பினான் என்று இருந்ததுதான் ஹெயான் ஆனது. கராத்தே என்ற பெயரே ஒரு காலத்தில் ‘சீனக் கை’ என்ற பொருள் தரும் எழுத்தில் எழுதப்பட்டது. ‘கரா’ என்ற அதே ஒலிக்கு ‘வெறுமை’ என்ற எழுத்தைப் போட்டு வெறுங்கை ஆக்கினார்கள். 1936 அக்டோபர் 25-இல் ஒகினாவாவின் நாஹா நகரில் மூத்த ஆசான்கள் கூடி அதையே வைத்துக்கொள்வது என்றார்கள். அவர்களே மாற்றியிருக்கும்போது நாம் மாற்றினால் சாமிக்குத்தம் ஒன்றும் வராது.

ஆனாலும் நான் ஜப்பானியத்தை விடவில்லை. ஒரு காரணம் வசதி. உங்கள் மகள் நாளைக்குப் போட்டிக்குப் போனால் நடுவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஹஜிமே என்றால் தொடங்கு, யமே என்றால் நிறுத்து. சிவப்புக்கு அகா, நீலத்துக்கு அஓ. யூக்கோவுக்கு 1 புள்ளி, வஸாரிக்கு 2, இப்பொனுக்கு 3. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே வந்தபோதும் இதே சொற்கள்தான். சிலம்பம் கற்க ஒரு ஜப்பான்காரர் நம் ஊருக்கு வந்தால் அவருக்குக் காலடி என்றுதானே சொல்லிக் கொடுப்போம்?

இன்னொரு காரணம் உக்கே. தாளில் அதற்குத் தடுப்பு என்று போட்டிருப்பார்கள். நீங்களும் ‘தடு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் பிறந்த வினைக்குப் பொருள் பெற்றுக்கொள்வது, ஏற்றுக்கொள்வது. ஒரு முகாமில் வயதான ஜப்பானியர் ஒருவர் எங்களுக்கு இதைக் காட்டினார். மொழி தெரியாது. என்னைக் குத்தச் சொன்னார். வந்த குத்தை, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி கையை முன்னால் கொண்டுபோய், தன் பக்கம் வரவிட்டு, அப்படியே ஓரமாகக் கொண்டுபோய் விட்டார். எனக்கு வலிக்கக்கூட இல்லை, ஆனால் எங்கேயோ போய் நின்றேன். ‘தடு’ என்று சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் சுவர் மாதிரி விறைத்து நின்று எலும்போடு எலும்பு மோதிக்கொண்டிருந்தது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. சரி, ‘வாங்கு’ என்று மொழிபெயர்க்கலாமே என்றால், நம் ஊரில் ‘வாங்கு’ என்றால் அடி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் உக்கே உக்கேயாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பொருளைத் தமிழில் விளக்குவேன், கூப்பிடுவது அதன் பெயரில்.

பொருள் சொல்லாமல் ஜப்பானியத்தைக் கொட்டி மிரட்டுகிற மாஸ்டர்கள் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அதேபோல, தன் பெயருக்கு முன்னால் தானே சென்செய் என்று பலகை எழுதி மாட்டிக்கொள்வதும். சென்செய் என்றால் முன் பிறந்தவர். மரியாதைக்கு மற்றவர்கள் கூப்பிடும் சொல். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பின்னால் தானே ‘அவர்கள்’ போட்டுக்கொள்வாரா யாராவது? நம் பிள்ளைகள் மாஸ்டர் என்கிறார்கள், அதுவே நன்றாக இருக்கிறது. ‘ஒஸ்’ என்ற சொல்லையும் அளந்து செலவழியுங்கள். உங்கள் வகுப்பில் வழக்கம் இருந்தால் வகுப்புக்குள் சொல்லுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமான ஆண்பிள்ளைப் பேச்சு அது. நாளைக்கு ஒரு ஜப்பானியப் பெரியவரைப் பார்த்தால் அப்படிக் கூவ வேண்டாம்.

இந்த ஐந்து வாரம் என்ன செய்வது? உட்கார்ந்து படிக்காதீர்கள். பாவு, ஊடை, நாடா, தார், அச்சு, இதையெல்லாம் உங்களுக்கு யாராவது தாளில் எழுதிக் கொடுத்தார்களா? அப்பா தறியில் உட்கார்ந்துகொண்டு "அந்த நாடாவை எடு" என்றிருப்பார், எடுத்துக் கொடுத்திருப்பீர்கள், தவறாக எடுத்திருந்தால் திட்டு விழுந்திருக்கும். கை செய்கிற நேரத்தில் காதில் விழுந்த சொல் அது. இதையும் அப்படியே பண்ணுங்கள். முதல் வாரம் வணக்கமும் கட்டளைகளும் எண்ணும் மட்டும். யோய் என்றால் தயார், அப்புறம் ஹஜிமே, யமே, மாவாட்டே. நாடா ஓடும்போது பத்து பத்தாக ஜப்பானியத்தில் எண்ணலாம். ஆனால் கரையில் டிசைன் போட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணாதீர்கள். வேட்டி வீணானால் பழி என் தலையில் விழும்.

இரண்டாம் வாரத்திலிருந்து மகளோடு மொட்டைமாடிக்குப் போங்கள். முதலில் அவள் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்வது நல்லது, உங்களுக்கு அந்தப் பக்கத்துப் பையன் பழக்கம் போக வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் கட்டளை சொல்லுங்கள், அவள் செய்யட்டும். இதில்தான் பாதிச் சொல் உட்காரும். கேட்டுச் செய்கிறபோது ஊகித்துத் தப்பிக்கலாம், வாயால் சொல்கிறபோது முடியாது. தவறாகச் சொன்னால் அவளை அந்தத் தவறையே செய்யச் சொல்லுங்கள். மிகிக்குப் பதிலாக ஹிதரி என்றால் இடக்காலால் உதைக்கட்டும். சிரிப்பு வரும். சிரித்த சொல் மறக்காது, மாவாட்டே எனக்கு மறக்காததுபோல.

ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து உள்ளே வரும் உக்கேயா, உள்ளிருந்து வெளியே போகும் உக்கேயா என்பதற்கு ஸோத்தோ-உக்கே, உச்சி-உக்கே என்று இரண்டு பெயர். ஸோத்தோ வெளி, உச்சி உள். தலை உச்சி இல்லை. இதில் எது எது என்பது பள்ளிக்குப் பள்ளி தலைகீழாக இருக்கும். கை புறப்படும் இடத்தை வைத்துச் சிலர் பெயரிடுகிறார்கள், போய்ச்சேரும் திசையை வைத்துச் சிலர். நான் ஒன்று சொல்லி உங்கள் மாஸ்டர் வேறு சொன்னால் டெஸ்டில் உதைபடுவது நீங்கள். அதனால் இந்த இரண்டை மட்டும் அவரிடமே செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். வீடியோ பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

மகள் சிரிக்கிறாள் என்று வருத்தமாக எழுதியிருந்தீர்கள். தோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், உங்களுக்கு முன்னால் வந்தவர் உங்களுக்கு செம்பாய். ஒன்றரை வருடம் முன்னால் வந்தவள் அவள். வயது அங்கே கணக்கில்லை. சென்-பாய்தான் சேர்ந்து செம்பாய் ஆகிறது (ப வல்லொலிதான்), ப-வுக்கு முன்னால் ன் வந்தால் ம் ஆகிவிடும், இன எழுத்து. பாருங்கள், இதுவும் நமக்குத் தெரிந்ததுதான். வீட்டில் நீங்கள் அப்பா. மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் அவளுக்குக் குனிந்து ஒத்தகாய்-னி ரே சொல்லிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். செம்பாய் என்றால் சொல்லித் தரவும் வேண்டும், சிரிக்க மட்டும் இல்லை என்று அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

டெஸ்ட் அன்று ஏதாவது ஒரு சொல் காதில் சரியாக விழாமல் போகும். பக்கத்தில் பார்க்காதீர்கள். தேர்வாளரைப் பார்த்து "மோ இச்சிதோ" என்று கேளுங்கள். இன்னொரு தடவை என்று அர்த்தம், நடுவில் நமக்குத் தெரிந்த இச்சி உட்கார்ந்திருக்கிறது. பொதுவாக உங்கள் தாளில் இந்தச் சொல் இருக்காது, 61-ஆவதாக எழுதிக்கொள்ளுங்கள்.